ஒரு வீட்டைப் பாடமாக வாசித்தல்: டெக்சாஸின் சாவர்–பெக்மன் பண்ணை வீடு

எட்டாம் வகுப்பில் இடம்பெயர்தல் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். உந்து காரணிகள் ஒரு பக்கம், ஈர்ப்புக் காரணிகள் மறுபக்கம் என்று கரும்பலகையில் கோடு கிழித்து எழுதிப் போட்டால் பிள்ளைகள் அழகாக எழுதிக்கொள்வார்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வந்தால் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் ஒரு குடும்பம் சட்டி பெட்டியோடு ஊரை விட்டுப் போய் இன்னோர் இடத்தில் சுவர் எழுப்புவது எப்படிப்பட்டது என்பது அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கத்திலும் இருக்காது.

வீட்டைச் சான்றாக வைத்து நடத்தினால் என்ன என்று ஓராண்டு முயன்றேன். எங்கள் ஊரில் நூறாண்டு கண்ட ஒரு பெரிய வீடு இருக்கிறது. தேக்குத் தூண், முற்றம், கல் திண்ணை எல்லாம் உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம் என்று வகுப்பில் சொன்னதுமே பின்வரிசையில் ஒரு சிறுவன், "நாங்க திண்ணையோட நின்னுக்கணும் டீச்சர்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, ஊர் வழக்கத்தை எனக்கு நினைவூட்டும் குரலில் சொன்னான். அன்று பாடம் அங்கேயே நின்றது. அந்தப் பேச்சைப் பேசத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகள் ஒரு வீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கப் பழகிய பிறகு அதைப் பேசுவது நல்லது என்று தோன்றியது. அதனால் எங்களில் யாருக்கும் உறவோ பகையோ இல்லாத தூரத்து வீடு ஒன்றைத் தேடினேன். அப்படிக் கிடைத்ததுதான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஸ்டோன்வால் என்ற சிற்றூரின் அருகே, பெடர்னாலிஸ் ஆற்றை ஒட்டிய சாவர்–பெக்மன் பண்ணை வீடு. அந்த வீட்டை வைத்து நான்கு பாடவேளைகளில் என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன் என்பதைச் சக ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வீட்டில் எத்தனை வீடுகள்?

முதல் பாடவேளையில் எந்த விளக்கமும் சொல்லவில்லை. வீட்டின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, "இதில் எத்தனை வீடுகள் இருக்கின்றன?" என்று மட்டும் கேட்டேன். ஒன்று என்றார்கள். இன்னும் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "செவுரு மாறுது டீச்சர், இந்தப் பக்கம் கல்லு, அந்தப் பக்கம் தகரம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

அவள் பார்த்தது சரிதான். 1869இல் யோஹான் சாவர், கிறிஸ்டீன் சாவர் என்ற ஜெர்மானியத் தம்பதியர் நான்கு குழந்தைகளோடு அந்த நிலத்தில் குடியேறினார்கள். முதலில் இருந்தது மரக்கட்டையும் கல்லும் கொண்ட சிறு குடில். 1885க்குள் அதன் அருகே பல கல் கட்டடங்கள் எழுந்தன. குழந்தைகளும் நான்கிலிருந்து பத்து ஆனார்கள். 1900இல் நிலம் பெக்மன் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1915இல் பருத்தி நன்றாக விளைந்தது. அந்தப் பணத்தில் எமில் பெக்மனும் எம்மா பெக்மனும் புதிய தானியக் கொட்டகை ஒன்றைக் கட்டினார்கள். பழைய கல் கட்டடத்தோடு பலகையாலான ஓர் அறையைச் சேர்த்தார்கள். அன்றைய நாகரிகப்படி அச்சுப் பதித்த தகரத்தால் வெளிச்சுவரைப் போர்த்திய ஒரு புது வீட்டையும் எழுப்பி, இரண்டையும் தாழ்வாரத்தால் இணைத்தார்கள். பழையதை இடிக்கவில்லை. அதனால்தான் நாம் இன்று அந்த வீட்டைப் படிக்க முடிகிறது.

இதைச் சொன்ன பிறகு பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் கல், ஏன் தகரம்?" என்பது. டெக்சாஸின் அந்தப் பகுதியை மலைநாடு என்பார்கள். மண் ஆழமில்லாத, சுண்ணாம்புப் பாறை நிறைந்த பூமி. கல்லைத் தேடி எங்கும் போக வேண்டாம். உழவுக்கு நிலத்தைத் திருத்தினாலே கல் கிடைக்கும். அதே பாறையைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு இருந்தால் சாந்து. அந்தப் பகுதியில் முதலில் வந்த ஜெர்மானியர்கள் தங்கள் ஊரில் கற்ற முறையில் மரச்சட்டம் கட்டி, சட்டங்களுக்கு இடையில் கல்லை அடைத்து வீடு கட்டினார்கள். அதற்கு ஜெர்மன் மொழியில் ஃபாக்வெர்க் என்று பெயர். ஜெர்மனியில் அந்த இடைவெளியைப் பெரும்பாலும் குச்சி வேய்ந்து மண் பூசியும் செங்கல் வைத்தும் அடைப்பார்கள். இங்கே சுண்ணாம்புக் கல் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு சட்டமே தேவையில்லை என்று ஆகி, முழுச் சுவரும் கல்லாயிற்று. கை பழகிய முறை பழைய ஊருடையது, பொருள் புதிய ஊருடையது. வெயிலுக்காக வீட்டின் முன்னால் போட்ட தாழ்வாரம் அமெரிக்கத் தெற்கில் அக்கம்பக்கத்தாரிடம் பார்த்துக் கற்றது.

அறிவியல் ஆசிரியர் யாராவது உடனிருந்தால் இந்த இடத்தில் கல் சுவர் ஏன் பகலில் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதையும் சேர்த்துவிடலாம். தடித்த கல் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். தகரம் அப்படியில்லை. பிள்ளைகளுக்கு இதை நிரூபிக்க வேண்டியதே இல்லை. தகரக் கூரையின் கீழ் மே மாதம் படுத்தவர்கள் என் வகுப்பில் பாதிப் பேர்.

தகரத்துக்கு வருவோம். அச்சுப் பதித்த தகரமும் அறுத்த பலகையும் தொழிற்சாலைப் பொருள்கள். வெளியிலிருந்து வர வேண்டியவை. அந்த வட்டாரத்தின் முக்கிய ஊரான ஃபிரெடரிக்ஸ்பர்க்குக்கு ரயில் பாதை 1913இல் வந்தது. வீடு விரிவடைந்தது 1915இல். பிள்ளைகள் உடனே, "ரயில்லதான் தகரம் வந்திருக்கும்" என்றார்கள். நல்ல ஊகம். ஆனால் இங்கே ஆசிரியர் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து வருகின்றன என்பது தகவல். ஒன்றினால் மற்றது நடந்தது என்பது ஊகம். கரும்பலகையில் இரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினேன். அன்று முழுவதும் பிள்ளைகள் எதைச் சொன்னாலும், "இது எந்தப் பக்கம் டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஏன் வந்தார்கள், எப்படி வந்தார்கள்

பாடநூலின் காரணிகள் இங்கே தாமாக வந்து சேரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை; பல சிற்றரசுகளாகக் கிடந்தது. மக்கள்தொகை பெருகி, பல பகுதிகளில் நிலம் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிந்து பிரிந்து துண்டாகியிருந்தது. கைத்தொழில் செய்தவர்களைத் தொழிற்சாலைகள் நெருக்கின. 1840களின் நடுவில் உருளைக்கிழங்கு நோயும் விளைச்சல் பொய்த்ததும் சேர்ந்துகொண்டன. இந்த நிலையில் 1842இல் சில பிரபுக்கள் கூடி, டெக்சாஸுக்கு ஜெர்மானியரைக் குடியேற்றும் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். தனியாள் 120 டாலர் கட்டினால் 160 ஏக்கர், குடும்பம் 240 டாலர் கட்டினால் 320 ஏக்கர் என்பது அவர்கள் தந்த வாக்குறுதி. கப்பல் செலவும் அதில் அடக்கம். 320 ஏக்கர் என்பது சரியாக அரைச் சதுர மைல். நம் ஊர்க் கணக்கில் அது எவ்வளவு என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில், "எங்க ஊரே அவ்ளோதான் இருக்கும்" என்றான் ஒருவன்.

வாக்குறுதி ஒன்று, நடந்தது வேறு. டெக்சாஸ் கடற்கரையில் இறங்கியவர்களை உள்நாட்டுக்கு அழைத்துப் போக வண்டிகள் இல்லை. 1846இல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் மூண்டதால் கிடைத்த வண்டிகளையெல்லாம் படை எடுத்துக்கொண்டது. கூடாரங்களிலும் குழிக் குடிசைகளிலும் மழையில் காத்திருந்த நூற்றுக்கணக்கானோர் நோயில் இறந்தார்கள். சங்கமும் சில ஆண்டுகளிலேயே கடனில் மூழ்கியது. ஏஜெண்டிடம் பணம் கட்டி வெளிநாடு போய் ஏமாந்தவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் வீட்டில் கேட்டிருப்பார்கள். இந்தப் பகுதியை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

தப்பியவர்களில் சுமார் 120 பேர் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரிலிருந்து புறப்பட்டு, 16 நாள் வண்டிப் பயணத்துக்குப் பின் 1846 மே 8 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க்கை நிறுவினார்கள். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நகர்ந்திருப்பார்கள் என்பதைக் கணக்குப் பாடவேளையில் போடச் சொன்னேன். ஆறு, ஏழு என்று வந்தது. "நாங்க ஸ்கூலுக்கே அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறோமே" என்றார்கள். பாதையே இல்லாத இடத்தில் பாதை போட்டுக்கொண்டு, ஆறுகளைக் கடந்து போன வேகம் அது என்று புரிய வைத்தேன்.

சாவர் குடும்பம் இந்த முதல் அலைக்குப் பிந்தியது. முன்னோடிகள் ஊரை நிலைநிறுத்தி, ஒரு தலைமுறை கழிந்த பிறகு கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி அவர்கள் பண்ணை அமைத்தார்கள். ஜெர்மனியின் பல பகுதிகளில் உழவர்கள் கிராமத்தில் நெருக்கமாக வாழ்ந்து, காலையில் வயலுக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். டெக்சாஸில் ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தின் நடுவே தனியாக இருந்தது. அடுத்த வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியாத வாழ்க்கை. இந்தத் தனிமைக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து சுவையானது. ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் பண்ணைக்காரர்கள் சிறு சிறு வீடுகளைக் கட்டிவைத்தார்கள். சனிக்கிழமை வண்டி கட்டி வந்து சந்தை வேலையை முடித்து, இரவு அங்கே தங்கி, ஞாயிறு தேவாலயம் போய்விட்டுத் திரும்புவார்கள். அதற்கு ஞாயிறு வீடு என்றே பெயர். கீழே ஓர் அறை, மேலே பரண் போன்ற ஒரு படுக்கை இடம். அதற்கு ஏறும் படி பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கும். உள்ளே படி வைத்தால் இருக்கும் ஒரே அறையும் சுருங்கிவிடும் என்பதை ஒரு மாணவி தானாகவே சொன்னாள். அவள் வீடு ஓர் அறை வீடு.

"அதுக்கு முன்னாடி அங்க யார் இருந்தாங்க?"

இந்தக் கேள்வியை நான் திட்டமிட்டிருக்கவில்லை. இரண்டாம் பாடவேளையின் முடிவில், முன்பு திண்ணையைப் பற்றிச் சொன்ன அதே சிறுவனுக்கு அடுத்த இருக்கையில் இருந்து வந்தது. 320 ஏக்கரைக் கொடுக்கிறேன் என்று ஜெர்மனியில் உட்கார்ந்து ஒருவர் சொல்கிறாரே, அது யாருடைய 320 ஏக்கர்?

அது கொமாஞ்சி மக்கள் வேட்டையாடிய நிலம். குடியேறிகளின் தலைவரான மொய்ஸபாக், 1847இல் கொமாஞ்சியரின் பெனடெகா பிரிவுத் தலைவர்களோடு பேசி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். குடியேறிகள் அந்த நிலத்தில் நில அளவை செய்யலாம், குடியேறலாம்; கொமாஞ்சியர் ஊருக்குள் தடையின்றி வந்து போகலாம்; 3,000 டாலர் மதிப்புள்ள பொருள்கள் அவர்களுக்குத் தரப்படும். இது ஒருபோதும் முறிக்கப்படாத உடன்படிக்கை என்று இன்றும் அந்தப் பகுதியில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பேசி முடித்ததே பெரிய விஷயம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் அதோடு நிறுத்துவது நேர்மையாகாது என்று நினைக்கிறேன். 1859இல் டெக்சாஸின் ஒதுக்கீட்டு நிலங்களில் இருந்த பெனடெகா மக்கள் மாநிலத்தை விட்டே வடக்கே வெளியேற்றப்பட்டார்கள். 1875இல் கடைசிக் கொமாஞ்சிக் குழுவும் படையிடம் சரணடைந்தது. சாவர் குடும்பம் குடிலைக் கட்டியதற்கும் இதற்கும் இடையில் ஆறே ஆண்டுகள். உடன்படிக்கை முறியாமல் இருக்கலாம். அதில் கையொப்பமிட்ட ஒரு தரப்பு அங்கே இல்லை.

அந்தக் கல் சுவரில் இந்தச் செய்தி எங்கும் எழுதப்படவில்லை. வீட்டைச் சான்றாகக் கொள்ளும்போது வரும் குறை இது. கல் வைத்துக் கட்டியவர்களின் வரலாறு நிற்கும். கூடாரத்தில் வாழ்ந்தவர்களின் வரலாறு நிலத்தில் தடமில்லாமல் போய்விடும். பிள்ளைகளிடம், "இந்த வீடு எதைச் சொல்லாது?" என்று ஒரு பட்டியல் போடச் சொன்னேன். முதல் பட்டியலைவிட இது நீளமாக வந்தது. பத்துப் பிள்ளைகளைப் பெற்ற கிறிஸ்டீன் என்ன நினைத்தார் என்று சொல்லாது. தண்ணீரை யார் சுமந்தார்கள் என்று சொல்லாது. பருத்தியை யார் எடுத்தார்கள் என்று சொல்லாது.

இன்னொன்றையும் அந்தப் பட்டியலில் நானே சேர்த்தேன். இதுபோன்ற பண்ணை வீடுகள் அந்த வட்டாரத்தில் எத்தனையோ இருந்திருக்க, இது ஏன் காப்பாற்றப்பட்டது? ஆற்றுக்கு அக்கரையில் லிண்டன் ஜான்சனின் பண்ணை இருந்தது. அவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1966இல், மாநிலப் பூங்காத் துறை இந்த நிலத்தை பெக்மன் குடும்பத்தாரிடமிருந்து வாங்கியது. 1975இல் மக்கள் பார்வைக்குத் திறந்தது. இன்று அங்கே பணியாளர்கள் பழைய கால உடையில், 1915 முதல் 1918 வரையிலான காலத்து வேலைகளைச் செய்து காட்டுகிறார்கள். பசு கறக்கிறார்கள், வெண்ணெய் கடைகிறார்கள், கொழுப்பிலிருந்து சோப்புக் காய்ச்சுகிறார்கள், இறைச்சியைப் புகையிட்டுப் பதப்படுத்துகிறார்கள். பெரிய மனிதர் எதிர்க்கரையில் இருந்தது இந்த வீட்டின் அதிர்ஷ்டம்.

ஆனால் ஜான்சனுக்கும் இந்த வீட்டுக்கும் அதைவிட நெருக்கமான ஓர் உறவு உண்டு. சாவர் தம்பதியரின் பத்துக் குழந்தைகளில் ஒருவரான ஔகுஸ்டா, லிண்டிக் குடும்பத்தில் மணமாகிப் பேறுகாலம் பார்ப்பவராக இருந்தார். 1908 ஆகஸ்ட் 27 அன்று ஜான்சன் பிறந்தபோது மருத்துவச்சியாக இருந்தவர் அவர்தான்.

1918: மொழிக்கு வந்த சோதனை

பூங்காவினர் காட்டும் காலம் 1915 முதல் 1918 வரை என்றேன் அல்லவா? இந்த ஆண்டுகளை வைத்துத்தான் மூன்றாம் பாடவேளை. எனக்கு இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இது.

தகர வீடு எழும்பியபோது ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியது. அதுவரை அந்தப் பகுதியில் ஜெர்மன் மொழி என்பது வீட்டு மொழி, கடைத்தெரு மொழி, வழிபாட்டு மொழி, பல இடங்களில் பள்ளி மொழியும்கூட. ஒரே இரவில் அது எதிரியின் மொழியாகிவிட்டது. 1918இல் டெக்சாஸ் சட்டமன்றம், பொதுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும், மீறும் ஆசிரியர் குற்றவாளி என்று சட்டம் இயற்றியது. மறு ஆண்டு மாநில ஆளுநர், பல்கலைக்கழகத்தின் ஜெர்மன் துறைக்கான நிதியையே வெட்டினார்.

இதே அலையில் நெப்ராஸ்கா மாநிலத்தில் நடந்ததை ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அங்கே 1919இல் வந்த சட்டம், எட்டாம் வகுப்பை முடிக்காத எந்தக் குழந்தைக்கும் ஆங்கிலம் தவிர வேறு மொழியைக் கற்பிக்கக் கூடாது என்றது. ராபர்ட் மேயர் என்பவர் ஒரு சிறிய லூத்தரன் பள்ளியின் ஆசிரியர். 1920 மே மாதம் ஒரு நாள், பத்து வயதுக் குழந்தை ஒன்றுக்கு ஜெர்மன் மொழியில் விவிலியக் கதை வாசிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அரசு வழக்கறிஞர் பள்ளிக்கு வந்தார். ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் எதுவும் நடந்திருக்காது என்பது மேயருக்குத் தெரியும். அவர் மாறவில்லை. 25 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் கட்டவில்லை, வழக்கை மேல்முறையீடு செய்தார். 1923 ஜூன் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கற்பிக்கும் உரிமை ஆசிரியருக்கும், தங்கள் குழந்தைக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கும் உண்டு என்பது அதன் சாரம்.

தீர்ப்பு வந்தாலும் போன மொழி முழுதாகத் திரும்பவில்லை. பெற்றோர் பிள்ளைகளிடம் ஜெர்மன் பேசுவதைக் குறைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் மிச்சத்தையும் கரைத்தது. டெக்சாஸ் ஜெர்மன் என்று தனி வழக்கே ஒன்று இருந்தது. தாய்நாட்டில் பார்த்திராத ஸ்கங்க் என்ற நாற்ற விலங்குக்கு 'நாறும் பூனை' என்று பொருள்படும் சொல்லைத் தாங்களாகவே வைத்துக்கொண்டார்கள். விமானம் வந்தபோது 'காற்றுக் கப்பல்' என்று பொருள்படும் சொல்லைச் சொன்னார்கள். 2001 முதல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம், இந்த மொழியைப் பேசும் முதியவர்களின் குரலைப் பதிவு செய்து வருகிறது. அவர்களுக்குப் பின் பேசுவோர் ஏறக்குறைய இல்லை. தமிழாசிரியர்கள் இந்த இடத்தில் ஒரு சிறு பயிற்சி செய்யலாம்: நம் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பொருளுக்கு ஏற்கெனவே உள்ள சொற்களால் பெயர் சூட்டச் சொல்லுங்கள். என் வகுப்பில் ட்ரோனுக்குக் கிடைத்த பெயர்களில் 'வேவுத் தும்பி' எனக்குப் பிடித்தது.

ஜான்சனின் கதையும் இங்கேதான் திரும்ப வருகிறது. 1928–29இல், இருபது வயதில், அவர் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் படித்த பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பிள்ளைகள் மீது பெரிய அக்கறை கொண்டவர். விளையாட்டுக்கு ஏற்பாடு செய்தார், போட்டிகள் நடத்தினார். அதே ஆசிரியர்தான் பள்ளியில் ஸ்பானிய மொழி பேசக் கூடாது, ஆங்கிலமே பேச வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தார். அது அவர்கள் நன்மைக்கே என்று நம்பினார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராகி, 1965 ஏப்ரல் 11 அன்று ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்கு நிதி தரும் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, தலைநகரில் அல்லாமல், தான் நான்கு வயதில் படித்த ஓராசிரியர் பள்ளியின் முன் மேசை போட்டு, தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு கையெழுத்திட்டார். அந்தப் பள்ளி நம் பண்ணை வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. 1968 ஜனவரியில், ஆங்கிலம் அல்லாத தாய்மொழி கொண்ட குழந்தைகளுக்கான இருமொழிக் கல்விச் சட்டத்திலும் அவரே கையெழுத்திட்டார்.

ஸ்பானிய மொழியைத் தடுத்த ஆசிரியரைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியது. அதற்குக் காரணம் உண்டு. என் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை. தம்பி ஆறாம் வகுப்பு. அவள் சேர்ந்த புதிதில் இடைவேளையில் இருவரும் ஒடியாவில் பேசிக்கொண்டிருப்பார்கள். "தமிழ்லயே பேசும்மா, அப்பதான் சீக்கிரம் வரும்" என்று நான்தான் சொன்னேன். ஒரு முறை அல்ல, பல முறை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இரண்டு மாதத்தில் இருவரும் பள்ளியில் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். தமிழ் வந்ததா என்றால், வந்தது. கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு. தானாக எதுவும் சொல்லமாட்டாள்.

நான்காம் பாடவேளை

கடைசிப் பாடவேளைக்கு முன் ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். அவரவர் வீட்டையோ, தாத்தா பாட்டி இருந்த வீட்டையோ வரைந்து, எந்தப் பகுதி எப்போது கட்டியது, யார் கட்டியது, எந்தப் பொருளில், அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதி வர வேண்டும். வீட்டின் பகுதிகளுக்கு வீட்டில் என்ன பெயர் சொல்வார்களோ அதையே எழுத வேண்டும். புத்தகத் தமிழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சொந்த வீடு இல்லாத பிள்ளைகள், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். யார் வீடு பெரிது என்ற பேச்சு வந்துவிட்டால் பாடம் கெட்டுவிடும். அதனால் 'இப்போது குடியிருக்கும் வீடு' என்று கேட்காதீர்கள். 'உனக்குத் தெரிந்த ஒரு வீடு' என்று கேளுங்கள். ஒரே ஒரு சுவரை மட்டும் விளக்கினாலும் போதும் என்று சொல்லுங்கள்.

வந்தவை பலவிதம். பாட்டியின் பனையோலைக் கூரை பிறகு ஓடாகி, ஓடு பிறகு அரசுத் திட்டக் கான்கிரீட்டாகிய கதையை ஒருத்தி மூன்று கட்டமாக வரைந்திருந்தாள். மூன்றாம் கட்டத்தில் மட்டும் வீடு அம்மா பெயரில். ஒருவன் தன் வீட்டு ஓட்டின் பின்புறம் இருந்த எழுத்துகளைப் பென்சிலால் தேய்த்து எடுத்து வந்திருந்தான், மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற ஐரோப்பிய அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். தொடங்கி வைத்தவர் ஒரு ஜெர்மானியர். சாவர் குடும்பம் டெக்சாஸில் குடியேறியதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. அந்தப் பையனுக்கு இதைச் சொன்னபோது அவன் ஓட்டைப் பற்றிய மதிப்பு வகுப்பில் சட்டென்று ஏறிவிட்டது.

திண்ணையைப் பற்றிச் சொன்ன சிறுவன் பெரிய வீட்டையே வரைந்திருந்தான். திண்ணை வரை ஒவ்வொரு கல்லும் துல்லியமாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வெற்றுக் கட்டம். 'இதுக்குள்ள தெரியாது. எங்க தாத்தா கல்லு சுமந்தாரு' என்று எழுதியிருந்தான். அதை வகுப்பில் வாசிக்கலாமா என்று அவனிடம் கேட்டேன். வாசிங்க என்றான். வாசித்தேன். பெரிய வீட்டைச் சேர்ந்த பிள்ளை ஒன்றும் அதே வகுப்பில் உண்டு. அவள் கொஞ்ச நேரம் கழித்து, தங்கள் வீட்டு ஆவணத்தில் கல் சுமந்தவர்கள் பெயர் இருக்கிறதா என்று தன் தாத்தாவிடம் கேட்டு வருவதாகச் சொன்னாள். மறுநாள், இல்லை என்று வந்து சொன்னாள். அதையும் 'வீடு சொல்லாதவை' பட்டியலில் எழுதினோம்.

ஒடிசாவிலிருந்து வந்த பெண் கடைசியாகத் தாளைக் கொடுத்தாள். ஊரில் இருக்கும் ஆயாவின் மண் வீட்டை வரைந்திருந்தாள். சுவரில் வெள்ளைக் கோலம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒடியா எழுத்தில் பெயர். என்னால் ஓர் எழுத்தையும் படிக்க முடியவில்லை. "நீயே வாசி" என்றேன். தயங்கி, அடுப்பின் மேல் விரல் வைத்து, "சுலி" என்றாள். வகுப்பு அதைத் திருப்பிச் சொன்னது. உச்சரிப்பு சரியில்லை என்று தலையாட்டி மறுபடி சொன்னாள். மூன்றாம் முறையும் நாங்கள் தப்பாகச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள்.

அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டது. கணக்கு ஆசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆறாம் வகுப்பிலிருந்து அவள் தம்பியையும் கூட்டி வரச் சொன்னேன்.